இரண்டாவது பிரேக்

மாஸ்டரின் வலது குதிகாலைத் தன் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு, யோகா ஆசிரியை அதன் கனத்தைக் கணித்துப் பார்த்தாள். மெத்தைக் கடையின் மாடியிலிருந்த நீண்ட அறை அது. ஜன்னல் திரைகள் பாதி இழுத்துவிடப்பட்டிருந்தன. பத்துப் பன்னிரண்டு பேர் மல்லாந்து படுத்துக் கண்களை மூடியிருந்தனர். கீழே கடையில் யாரோ மெத்தையைப் புரட்டிப் போடும் ஓசை, பெருமூச்சைப் போல, அவ்வப்போது தரை வழியே ஏறி வந்தது.

“விடுங்க சார்,” என்றாள் ஆசிரியை, பிறருடைய அமைதி கெடாத குரலில்.

“விட்டுட்டேனே.”

“எங்க விட்டீங்க? இப்ப உங்க காலை நான்தானே தூக்கிட்டிருக்கணும்? நீங்களே தூக்கிட்டிருக்கீங்க.”

மாஸ்டர் கண்ணைத் திறந்து பார்த்தார். ஆசிரியை தன் கைகளை மெல்ல விலக்கினாள். கால் விழவில்லை. தரைக்கு ஒரு சாண் மேலே, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் போல, அந்தரத்தில் நின்றது. முதலில் அவருக்கு வியப்பாயிருந்தது, பிறகு வெட்கமாயிருந்தது. ‘இறங்கு’ என்று மனத்துக்குள் அதட்டிய பின்னரே அது இறங்கிற்று.

உண்மையில் அவர் தமக்காக அங்கே வந்தவர் அல்லர். அடுத்த விரிப்பில் கண்மூடிப் படுத்திருந்த மனைவிக்காக வந்தவர். அவள் மருத்துவமனையில் செவிலி. பல்லாண்டுகளாக அவளுக்கு வாய்த்தது இரவுப் பணியே. அவள் காலையில் வீடு திரும்பும்போது அவர் கார் சாவியை எடுத்துக்கொண்டு புறப்படுவார். அவர் மாலையில் திரும்பும்போது அவள் தலைவாரிக்கொண்டிருப்பாள். ஒரே கட்டிலை முறை வைத்துப் பயன்படுத்தும் இரு வாடகைக்காரர்களைப் போல அவர்கள் வாழ்ந்துவந்தனர். இந்நிலையில்தான் மருத்துவமனை, படுக்கையிலுள்ள நோயாளிகளை அவரவர் வீட்டிற்கே சென்று பார்க்கும் பகற்பணி ஒன்றைத் தொடங்கிற்று. அதற்கு முதலில் நினைக்கப்பட்ட பெயர் அவளுடையதே. கார் அவர்கள் தருவார்கள். ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். மாதம் முடிவதற்குள் உரிமம் வேண்டும். இல்லையெனில் வேறொருவருக்குப் போய்விடும்.

இதைக் கேட்டவர்கள் யாவரும் சிரித்தனர். கணவர் யார் என்பது அவர்களுக்குத் தெரியும். வாகனம் ஓட்டக் கற்றுத்தருவதே அவருடைய தொழில். அவரிடம் கற்றவர்கள் அவரை ‘நிதானம் மாஸ்டர்’ என்பார்கள்; அவர் அதிகம் சொல்லும் சொல் அதுதான். ஒருமுறை மாணவர் ஒருவர் வண்டியை நேரே ஒரு நாற்காலிக் கடை வாசலில் ஏற்றிவிட்டபோது, “நிதானம். இறங்கினதும் எதுல உக்காரலாம்னு பாருங்க” என்றாராம். அப்படிப்பட்டவருடைய மனைவி இருமுறை தேர்வில் தோற்றாள். முதன்முறை, கோட்டைத் தாண்டிப் போய் நின்றாள். இரண்டாம் முறை, பக்கத்திலிருந்த ஆய்வாளரே, பயிற்சி வண்டியில் தம் பக்கமிருந்த இரண்டாவது பிரேக்கை மிதிக்கும்படி ஆயிற்று. ஆய்வாளர் மிதித்தால் அத்துடன் தேர்வு முடிந்தது. கணவருடன் செல்லும்போதோ, நீரில் செல்லும் படகைப் போல ஓட்டினாள். நிற்க வேண்டிய இடத்தில் நூல் பிடித்தாற்போல் நின்றாள். ஆகவே, கோளாறு எங்கே என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. “உனக்குப் பரீட்சை பயம்மா,” என்றார் மாஸ்டர். அவளும் ஒப்புக்கொண்டாள். மனத்தை அடக்கப் பழகினால் சரியாகிவிடும் என்று உடன் பணிபுரியும் பெண் ஒருத்தி இந்த மெத்தைக் கடை மாடியைச் சொன்னாள். மனைவியைக் கொண்டுவந்து விட்ட மாஸ்டர் சுவரோரமாக நின்றபோது, “இங்க வேடிக்கை பாக்க இடம் கிடையாது சார், படுக்கத்தான் இடம்” என்று சொல்லி, ஆசிரியை அவரையும் ஒரு விரிப்பில் படுக்க வைத்துவிட்டாள்.

“எண்ணங்கள் வரும், போகும். ரோட்ல போற வண்டிங்க மாதிரி. நீங்க ஓரமா நின்னு சும்மா பாருங்க. ஏற வேண்டாம், நிறுத்த வேண்டாம்,” என்று ஆசிரியை அறையின் நடுவே நடந்தவாறு கூறினாள்.

இந்த உவமை மாஸ்டருக்கு ஒத்துவரவில்லை. வண்டிகளைச் சும்மா பார்த்து அவருக்குப் பழக்கமில்லை. ஒரு வண்டி தென்பட்டால் அதன் முன்சக்கரம் எப்பக்கம் திரும்பியிருக்கிறது, உள்ளே அமர்ந்திருப்பவன் கதவைத் திறப்பானா, அதன் நிழலில் யாருடைய கணுக்காலாவது தெரிகிறதா என்றெல்லாம் பார்ப்பவர் அவர். எண்ணங்களை வண்டிகளாக்கியதும் அவருடைய அகத்தில் பெரும் நெரிசல் உண்டாகிவிட்டது. அன்றியும், கீழே உண்மையான தெருவில் உண்மையான வண்டிகள் ஒலியெழுப்பிக்கொண்டேயிருந்தன.

வகுப்பு முடிந்து, எல்லாரும் விரிப்புகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஆசிரியை அவரிடம் வந்தாள்.

“சார், என்ன வேலை பாக்குறீங்க?”

“கார் ஓட்டக் கத்துக்கொடுக்கறேன்.”

“அப்ப சரிதான். கீழ ஹாரன் சத்தம் கேக்கறப்பல்லாம் உங்க வலது கால் மட்டும் தரையை அமுக்குது. மத்த உடம்பு தூங்குது. அது மட்டும் வேலைக்குப் போயிட்டிருக்கு.”

மாஸ்டர் சிரித்தார். “பழக்கம்மா அது. எங்க வண்டியில என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. நீங்க, இந்த நிமிஷத்துல இருங்க, இந்த நிமிஷத்துல இருங்கன்னு சொல்றீங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் இந்த நிமிஷத்துல இருந்தேன்னா, வண்டி அடுத்த நிமிஷம் லாரிக்கு அடியில இருக்கும். என் பொழப்பே அடுத்த நிமிஷத்துல போய் உக்காந்துக்கறதுதான்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தனர். ஆசிரியை கேட்டதை மென்று பார்ப்பவள் போலிருந்தாள்.

“வரப்போறதைப் பாக்காதீங்கன்னு யோகம் சொல்லல சார். இன்னும் வராத துன்பத்தைத் தவிர்க்கலாம்னு அதுவும் சொல்லுது. ஆனா, முன்னாடி பாக்கறது கண்ணோட வேலை. காலை எதுக்கு முன்னாடியே அனுப்பி வைக்கறீங்க? அது அங்க போயி, வரவே போகாத வண்டியை எல்லாம் மிதிச்சிட்டிருக்கும். திரும்பி வர நேரமே இருக்காது.”

மாஸ்டருக்கு இது சாமர்த்தியமான பேச்சாகத் தோன்றிற்று. “டீச்சர், நீங்க வண்டி ஓட்டுவீங்களா?” என்றார்.

“ஐயோ, இல்ல சார். எனக்கு பயம்,” என்றாள் ஆசிரியை.

மீண்டும் சிரிப்பு எழுந்தது. மனைவி மாத்திரம் சிரிக்கவில்லை. மாஸ்டர் குனிந்து கட்டிக்கொண்டிருந்த வலது ஷூவையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாட்காலை பணி முடிந்து வந்தவள், உறங்கப் போகாமல், “ஒரு சுத்து போலாமா?” என்றாள். அவருக்கு மகிழ்ச்சி. சந்தைத் தெரு, பள்ளிக்கூட வளைவு, மேம்பாலத்தின் கீழுள்ள சிக்கலான நாற்சந்தி என்று சுற்றி வந்தனர். எங்கும் ஒரு குறை சொல்வதற்கில்லை. வாசலில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்த பிறகு அவள் கேட்டாள்:

“இன்னிக்கு எத்தனை தடவை பிரேக் போட்டீங்க?”

“நானா? ஒரு தடவைகூட இல்ல. எனக்கு வேலையே வைக்கலையே நீ.”

“ஷூவைக் கழட்டுங்க.”

“எதுக்கு?”

“கழட்டுங்கன்னா கழட்டுங்களேன்.”

வலது ஷூவின் அடி வெள்ளை வெளேரென்றிருந்தது. காலடியில் குனிந்து பார்த்தார். அவர் பக்கத்துப் பெடலின் கறுத்த ரப்பரில், வரிப்பள்ளங்களில் மட்டும் வெள்ளைத்தூள் எஞ்சியிருந்தது. மேடுகள் துடைத்துவிட்டாற்போல் இருந்தன.

“வார்டுல நோயாளிங்களுக்குப் போடற பவுடர். காலைல நீங்க ஷேவ் பண்ணிட்டிருந்தப்போ தடவி வச்சேன்.”

மாஸ்டர் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். கால் பெடலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், பெடல்மீது இருக்கலாகாது என்பது அவரே பிற பயிற்றுநர்களுக்கு ஓதிவந்த பாடம். பிற மாணவர்களிடத்தில் அவர் அதில் பிசகியதே இல்லை. அவர் பக்கத்துப் பெடலையும் அவள் பக்கத்துப் பெடலையும் ஒரு கம்பி இணைக்கிறது. ஒன்று இறங்கினால் மற்றதும் இறங்கும். அதாவது, இத்தனை நாட்களாக அவள் மிதிக்கக் காலை வைக்குமுன்பே, அந்தப் பெடல் பாதி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. தான் நிறுத்துவதாக அவள் எண்ணியிருந்தாள். அவள் நிறுத்துவதாக அவரும் எண்ணியிருந்தார். பொய் சொன்னவர் என்று எவருமில்லை.

“ரெண்டு தடவை தோத்தது நான் இல்லங்க,” என்றாள் அவள். குரல் உயரவில்லை, அதனாலேயே அது அவரைச் சுட்டது. “உங்க கால் பரீட்சைக்கு வரல. அதான். இதுக்கு நான் மூச்சை இழுத்து விட்டுட்டிருக்கேன்.”

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் நெடுநேரம் காரிலேயே இருந்தார். தம் காலைத் தாமே வேவு பார்க்க முயன்றார். தெருமுனையில் ஒரு மிதிவண்டி திரும்பிற்று. நின்றுகொண்டிருக்கும் காரில், அணைந்துபோன எஞ்சினுடன், அவர் கால் மிதித்தது. இம்முறை அதை அவர் கண்டுபிடித்துவிட்டார். கையும் களவுமாகப் பிடிபட்ட திருடனைப் போலக் கால் அப்படியே உறைந்து நின்றது. அது எப்போது பழகிற்று என்று நினைத்துப் பார்த்தார். அதற்கு அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை.

மாலை அவள் எழுந்து வந்தபோது தேநீர் போட்டு வைத்திருந்தார். அவள் இன்னும் முறைப்பாகவே இருந்தாள். ஆயினும் கோப்பையை எடுத்துக்கொண்டாள்.

“போன வருஷம் ஒரு நாள்,” என்று அவர் தொடங்கினார், “நீ டியூட்டி முடிஞ்சு வந்தப்போ நான் எதிர்ச்சாரியில நின்னுட்டிருந்தேன். நீ இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாக்காம இறங்கி வந்தே. ஒரு வேன் வந்தது. உனக்கும் அதுக்கும் நடுவுல இவ்வளவுதான் இடம்.” கைகளை விரித்துக் காட்டினார். அதிகமில்லை. “நீ அதைப் பாக்கவே இல்ல. நேரா வந்து, பால் வாங்கியாச்சான்னு கேட்டே.”

“எனக்கு ஞாபகமே இல்லையே.”

“எப்படி இருக்கும்? எனக்குத்தான் இருக்கு. நடைபாதையில நின்னுட்டே நான் தரையை மிதிச்சேன். அந்த வேன் என் காலாலதான் நின்னுச்சுன்னு ஒரு நினைப்பு. பைத்தியக்காரத்தனம்தான்.”

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். அவளுடைய முறைப்பு எங்கேயோ தளர்ந்தது.

“அன்னிக்கு ரோட்டைத் தாண்டினது நான் இல்லங்க. என் தூக்கம். நான் வார்டுலயேதான் இருந்திருப்பேன்.” சற்றுப் பொறுத்து, “அதனாலதானே இந்த ராத்திரி வேலையே வேண்டாம்னு அல்லாடறேன்” என்றாள்.

“வேற மாஸ்டர்கிட்ட போயிடு. என் சிநேகிதன் ஒருத்தன் இருக்கான், நல்லா சொல்லித்தருவான்.”

“வேற யாரும் வேண்டாம். நீங்களே வாங்க. காலை மட்டும் வீட்ல வச்சுட்டு வாங்க.”

காலை வீட்டில் வைத்துவிட்டு வருவது எளிதன்று. அதற்கு ஒரு வழியை மாஸ்டரே கண்டார். விடுமுறை நாளில், கிடங்குகளின் பின்புறமுள்ள ஆளரவமற்ற முற்றத்திற்குச் சென்றதும், இருக்கையைப் பின்னே தள்ளி, ஷூக்களைக் கழற்றி, காரின் முன்னிருக்கையிலேயே சம்மணமிட்டு அமர்ந்தார். முழங்கால் ‘படக்’கென்று முறையிட்டது. மற்ற முழங்கால் கதவில் இடித்தது. கைப்பிரேக்கின் அருகே கையை வைத்துக்கொள்ள மாத்திரம் அவள் அனுமதி தந்தாள்.

அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஏதோ சாமியாரைக் கடத்திட்டுப் போற மாதிரி இருக்கு,” என்றாள்.

“சாமியாருக்கு இடுப்பு வலிக்குது. சீக்கிரம் கடத்து.”

முற்றத்தின் மறுகோடியிலிருந்த விளக்குக் கம்பத்தருகே நிறுத்தும்படி சொன்னார். அவள் வழக்கம்போல ஓட்டினாள், வழக்கம்போல மிதித்தாள். வண்டி நிற்கவில்லை. கம்பம் பக்கவாட்டில் வந்து, கடந்து, பின்னால் போயிற்று. காலி மரப்பெட்டிகள் எதிரே பெரிதாகிக்கொண்டு வந்தன. மடிக்கப்பட்ட காலுக்குள் தொடை முறுக்கி எழுந்ததை அவர் உணர்ந்தார். அவருடைய கை கைப்பிரேக்கைப் பற்றியது. அவர் அதை இழுப்பதற்குள் அவள் தன் முழுப் பலத்தையும் கொடுத்து மிதிக்க, வண்டி குலுங்கி நின்றது.

எஞ்சின் அணைந்துபோயிருந்தது. அவள் குனிந்து தன் காலடியைப் பார்த்தாள்.

“இந்தப் பெடல் இவ்வளவு கெட்டியாவா இருக்கும்?” என்றாள்.

அந்தக் கேள்வியைக் கேட்டு அவர் தலைகுனிந்தார். ஓட்டக் கற்ற நாள்முதல் அவள் ஒருமுறையேனும் அந்தப் பெடலின் முழுக் கனத்தை அறிந்ததில்லை. அவளுக்கு வர வேண்டிய ஒவ்வொரு கணத்தையும் அவர் முன்கூட்டியே சென்று, பாதி மென்று, கொடுத்துவந்திருக்கிறார்.

“ஆமாம்மா. இவ்வளவு கெட்டிதான்.”

“சரி. இன்னொரு வாட்டி போலாம்.”

அன்று முழுவதும் அந்தக் கம்பத்தைச் சுற்றிச்சுற்றி வந்தார்கள். அடுத்த நாட்களில் தெருவுக்கு வந்தனர். மாஸ்டருக்குத்தான் அது கடினமான பயிற்சியாயிருந்தது. ஆசிரியை சொன்னதில் வண்டி உவமையை ஒதுக்கிவிட்டு, மூச்சை மட்டும் எடுத்துக்கொண்டார். உள்ளே போகிறது, வெளியே வருகிறது. ஒரு பேருந்து குறுக்கே வரும், தொடை துடிக்கும், ‘நீ இங்கேயே இரு, கண் போய்ப் பார்த்துக்கொள்ளும்’ என்று அதற்குச் சொல்வார். சில வேளை கேட்கும். பல வேளை கேட்பதில்லை. ஆனால் மடித்து வைத்த காலால் பெடலை எட்ட முடியாதே! வண்டி ஒவ்வொரு முறையும் அவளால் மட்டுமே நின்றது. அப்படி நிற்கும்போதெல்லாம் அவருக்குள் மெல்லிய திடுக்கீடு ஒன்று எழும். படியிறங்குகையில் இன்னொரு படி இருக்குமென்று எண்ணிக் காலை வைத்துத் தரையைத் தொடுவதைப் போன்றது அது.

தேர்வு நாளன்று, முன்பு அவளைத் தோற்கடித்த அதே ஆய்வாளர் வந்தார். அவருக்குக் கடுமையான ஜலதோஷம்.

“மறுபடியும் நீங்களா?” என்றார், கைக்குட்டையின் உள்ளிருந்து.

“மறுபடியும் நான்தான் சார். இந்தத் தடவை வீட்டுக்காரரும் வர்றார். பின்னாடி உக்காரலாமில்ல?”

விரும்பினால் பயிற்றுநர் பின்னிருக்கையில் அமரலாம் என்பது விதி. இதற்குமுன் இருமுறையும், தாம் இருந்தால் அவளுக்குப் பதற்றம் கூடும் என்று கருதி மாஸ்டர் வெளியே நின்றுவிட்டவர்.

“நான் எதுக்கும்மா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“வாங்களேன். அங்க பெடல் எதுவும் இல்ல.”

தம் வண்டியின் பின்னிருக்கையில் அவர் என்றுமே அமர்ந்ததில்லை. அங்கே வேறொரு வாசனை இருந்தது. எவளோ விட்டுச்சென்ற கொண்டை ஊசி ஒன்று இருக்கையின் மடிப்பில் கிடந்தது. மனைவியின் பின்கழுத்தில், முடியை இழுத்துக் கட்டிய இடத்திற்குக் கீழே, ஒரு மச்சம் இருப்பதைப் பார்த்தார். முன்பு அறிந்து, பிறகு மறந்திருந்த மச்சம். வண்டி புறப்பட்டது.

சந்தைத் தெருவில் ஒரு சரக்கு வேன் இடப்புறம் நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னாலிருந்து, முன்னறிவிப்பேதுமின்றி, ஆளுயரக் கண்ணாடி பதித்த அலமாரி ஒன்று தெருவுக்குள் வந்தது. இருவர் அதைத் தூக்கிவந்தனர்; அவர்களுடைய கால்கள் மட்டுமே தெரிந்தன. கண்ணாடி காரிலிருந்தவர்களை நோக்கித் திரும்பிற்று. அதனுள்ளே ஒரு கார் எதிரே வந்துகொண்டிருந்தது. அதில் சக்கரத்தைப் பற்றிய ஒரு பெண். அவள் பக்கத்தில் கைக்குட்டையும் கையுமாக ஒருவர். இருவருக்கும் நடுவே, பின்னால், வாய் சற்றே திறந்த ஒரு முகம். ஆய்வாளரின் முழங்கால் மேலெழும்புவதை மாஸ்டர் பார்த்தார். அது பெடலைத் தொட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது, பகற்பணியும் முடிந்தது. மாஸ்டரின் மூச்சு பாதி வழியில் நின்றது.

கார் நின்றது. அலமாரிக்கு முன்னால் தாராளமாக இடம் இருந்தது. ஆய்வாளரின் முழங்கால், செய்வதற்கு ஒன்றுமில்லாமல், இருந்த இடத்திற்கே மெல்லத் திரும்பிற்று. கண்ணாடிக்குள்ளிருந்த பெண் புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். அலமாரியின் ஒரு புறத்திலிருந்து வியர்வை வழியும் தலை ஒன்று எட்டிப் பார்த்து, “பாத்துப் போம்மா!” என்று கூவியது.

“நீங்க பாத்துப் போங்கண்ணே, உங்களுக்குக் கண்ணே தெரியல,” என்றாள் அவள், ஜன்னல் வழியாக.

ஆய்வாளர் தும்மினார். “அடுத்து வலது பக்கம் திரும்புங்க,” என்றார்.

மாஸ்டர் நின்றுபோயிருந்த மூச்சை வெளியே விட்டார். அது நீண்டுகொண்டே போயிற்று. ஓராண்டாக உள்ளே தேங்கிக் கிடந்தது போல. அப்போது தம் கால் என்ன செய்தது என்று நினைத்துப் பார்த்தார், தெரியவில்லை. குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. இருக்கையில் சாய்ந்துகொண்டார். சாய்ந்தபோது பார்வை தானாக மேலே சென்றது. அந்தத் தெருவிலுள்ள கட்டடங்களுக்கு மாடிகள் இருந்தன. நாள்தோறும் வந்துபோகும் தெருவை அவர் ஒரு கார்க்கதவின் உயரம் வரையில்தான் அறிந்திருந்தார்: சக்கரங்கள், கணுக்கால்கள், நிறுத்திய வண்டிகளுக்கு அடியிலுள்ள நிழல்கள். அதற்கு மேலே நீலச் சாயம் பூசிய ஜன்னல்களும், துருவேறிய கைப்பிடிகளும், ஒரு புகைபோக்கியின்மீது அமர்ந்து சிறகு கோதும் புறாவும் இத்தனை காலமும் இருந்திருக்கின்றன. ஒரு மொட்டை மாடியில் இருவர் எதிரெதிரே நின்று, உலர்ந்த பெரிய படுக்கை விரிப்பை மடிக்க முயன்றுகொண்டிருந்தனர். காற்று அதை அவர்கள் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தது. விரிப்பு வயிறு புடைத்து எழுந்தது. இருவரும் சிரித்துக்கொண்டே முனைகளை விடாமல் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தனர். மாஸ்டர் கழுத்தைத் திருப்பி, பின் கண்ணாடி வழியாக, அவர்களைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். கார் நின்றதா, சென்றுகொண்டிருந்ததா என்பதை அவர் கவனிக்கவில்லை.